மருந்தால் வந்த சர்க்கரை, கண்ணில் பாதிப்பு: கோடிங் செய்வது எப்படி?

சென்னையிலோ கோவையிலோ மெடிக்கல் கோடிங் வேலைக்கு, அதாவது டாக்டர் எழுதிய நோய்களைக் குறியீடுகளாக மாற்றும் வேலைக்குச் சேருபவர்களுக்கு முதலில் மனப்பாடமாகும் குறியீடுகளில் ஒன்று ஈ11, அதாவது டைப் 2 சர்க்கரை. அமெரிக்க சார்ட்டுகளில், அதாவது நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளில், அது அவ்வளவு வரும். ஈ09 வந்தால்தான் கை தயங்கும். மருந்தோ வேதிப்பொருளோ உண்டாக்கிய சர்க்கரை நோய்க்கு, அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் உள்ள வகை அது. கண் பாதிப்பும் சேர்ந்துவிட்டால் ஒரே சார்ட்டுக்கு ஐந்தாறு குறியீடுகள் தேவைப்படும். குறியீடுகளின் ஆங்கில எழுத்துகளை இங்கே தமிழில் எழுதுகிறேன்; "டி" என்று வருவதெல்லாம் T, D அல்ல.

ஒரு கற்பனை சார்ட்டை எடுத்துக்கொள்வோம். 58 வயதுப் பெண், முடக்குவாதத்துக்காக ஆறு வருடமாக பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். கண் டாக்டர் எழுதியிருப்பது: "ஸ்டீராய்டால் வந்த சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். வலது கண்ணில் நடுத்தர நிலை நான்-புரொலிஃபரேட்டிவ் ரெட்டினோபதி, மாகுலா வீக்கம் உண்டு. இடது கண்ணில் ஆரம்ப நிலை, வீக்கம் இல்லை. பிரெட்னிசோன் தொடர்கிறது." ரெட்டினோபதி என்பது விழித்திரைப் பாதிப்பு. அதில் புதிய ரத்தக் குழாய்கள் முளைத்த நிலை புரொலிஃபரேட்டிவ், முளைக்காத நிலை நான்-புரொலிஃபரேட்டிவ். மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி.

படி 1: காரணத்தை டாக்டர் எழுதியிருக்கிறாரா?

இந்த வேலையில் மிக முக்கியமான இடம் இதுதான். இங்கே இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன. மருந்துக்கும் சர்க்கரைக்கும் இடையே ஒன்று, சர்க்கரைக்கும் கண்ணுக்கும் இடையே இன்னொன்று. இரண்டாவது முடிச்சை கோடிங் விதிமுறையான கைட்லைனே போட்டுத் தருகிறது. குறியீடுகளின் அகரவரிசைப் பட்டியலான இன்டெக்ஸில் சர்க்கரை நோயின் கீழ் "வித்" (உடன்) என்ற சொல்லுக்கு அடியில் ரெட்டினோபதி இருப்பதால், டாக்டர் மறுத்து எழுதாதவரை தொடர்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ளலாம். முதல் முடிச்சு அப்படியல்ல. அதை டாக்டர்தான் போட வேண்டும். மருந்துப் பட்டியலில் பிரெட்னிசோன், நோய்ப் பட்டியலில் சர்க்கரை, இரண்டையும் பார்த்ததும் நாமாக ஈ09 போட்டால், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட கதையாகிவிடும். வகை எழுதப்படாவிட்டால் கைட்லைன்படி ஈ11தான்.

ஒத்த இரண்டு நிலைமைகளையும் பிரித்துப் பாருங்கள். ஸ்டீராய்டு எடுத்தபோது சர்க்கரை அளவு ஏறியது என்று மட்டும் எழுதி, சர்க்கரை நோய் என்று சொல்லவில்லையா? ஆர்73.9, அதோடு மருந்தின் குறியீடு. ஏற்கெனவே டைப் 2 இருந்தவருக்கு ஸ்டீராய்டால் அளவு கூடியதா? ஈ11.65, அதோடு மருந்தின் குறியீடு. இரண்டிலும் ஈ09-க்கு இடமில்லை.

படி 2: கண்ணின் குறியீடு

ஈ09.3 என்பது கண் பாதிப்பு. ஐந்தாவது இடம் நோயின் நிலை: 2 என்றால் ஆரம்பம், 3 நடுத்தரம், 4 தீவிரம், 5 புரொலிஃபரேட்டிவ். ஆறாவது இடத்தில் 1 வந்தால் மாகுலா வீக்கம் உண்டு, 9 வந்தால் இல்லை. புரொலிஃபரேட்டிவ் நிலையில் மட்டும் விழித்திரை விலகல் போன்றவற்றுக்கு 2 முதல் 5 வரையும் உண்டு. ஏழாவது இடம் எந்தக் கண் என்பது: 1 வலது, 2 இடது, 3 இரண்டும், 9 குறிப்பிடவில்லை.

நம் சார்ட்டில் இரண்டு கண்ணும் வேறு வேறு நிலையில் இருப்பதால் இரண்டு குறியீடுகள்: வலதுக்கு ஈ09.3311, இடதுக்கு ஈ09.3292. "இரண்டு கண்ணிலும் இருக்கிறதே" என்று 3 போட்டுவிடாதீர்கள். நிலையே எழுதாமல் வெறும் ரெட்டினோபதி என்றிருந்தால் ஈ09.311 அல்லது ஈ09.319; இவற்றுக்கு ஏழாவது இடம் கிடையாது.

படி 3: மருந்தின் குறியீடு

டாக்டர் சொன்னபடி சரியாகச் சாப்பிட்டும் தீங்கு வந்தால் அது பக்கவிளைவு. நோய் முதலில், மருந்து பின்னால்: டி38.0எக்ஸ்5ஏ. தவறுதலாக அதிகம் சாப்பிட்டதால் வந்தது என்றால் அது பாய்சனிங் (நச்சாதல்), அப்போது டி38.0எக்ஸ்1ஏ முதலில் வரும், ஈ09 அதன் பிறகு. மருந்து மாறினால் இந்தக் குறியீடும் மாறும். மனநோய் மருந்தான ஓலன்சபைன் என்றால் டி43.595ஏ.

படி 4: கூடுதல் குறியீடுகள்

தினமும் இன்சுலின், எனவே இசட்79.4. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மட்டும் தற்காலிகமாகக் கொடுத்திருந்தால் இது வேண்டாம். சர்க்கரைக்கான மாத்திரையும் சேர்த்து எடுப்பவருக்கு இசட்79.84-ம் போடுங்கள். ஸ்டீராய்டு நீண்டகாலமாகத் தொடர்வதற்கு இசட்79.52. முடக்குவாதத்துக்கு எம்06.9.

ஆக வரிசை: ஈ09.3311, ஈ09.3292, டி38.0எக்ஸ்5ஏ, இசட்79.4, இசட்79.52, எம்06.9.

கண்புரையில் ஒரு பொறி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சார்ட்டில் நான் தவறியது இங்கேதான். ஸ்டீராய்டால் வந்த சர்க்கரை, கூடவே கண்புரை. "வித்" விதியை நம்பி ஈ09.36 போட்டேன். ஆடிட்டில் திரும்பி வந்தது. மதிப்பீட்டுப் பகுதியின் கடைசி வரியில் "ஸ்டீராய்டால் வந்த கண்புரை" என்று டாக்டர் தெளிவாகவே எழுதியிருந்தார். ஸ்டீராய்டு சர்க்கரையையும் கொண்டுவரும், நேரடியாகக் கண்புரையையும் கொண்டுவரும். டாக்டர் மருந்தைக் காரணமாகச் சொல்லிவிட்டால் கண்புரைக்கு எச்26.3 வரிசைதான்: வலது எச்26.31, இடது எச்26.32, இரண்டும் எச்26.33. சர்க்கரை தனியாக ஈ09-இல் போகும். அன்றிலிருந்து கடைசி வரிவரை படிக்காமல் ஒரு குறியீடும் போடுவதில்லை.

படி 5: தெளிவில்லை என்றால் க்வெரி (டாக்டரிடம் விளக்கம் கேட்பது)

"இது ஸ்டீராய்டால் வந்ததுதானே?" என்று கேட்கக் கூடாது. பதிலை நாமே ஊட்டிவிடுவது போலாகும். சார்ட்டில் உள்ளதை வைத்து இப்படிக் கேளுங்கள்:

"நோயாளி பிரெட்னிசோன் எடுத்துவருகிறார். சர்க்கரை நோயும் ரெட்டினோபதியும் பதிவாகியுள்ளன. சர்க்கரை நோயின் வகையைக் குறிப்பிடவும்: டைப் 1, டைப் 2, மருந்தால் வந்தது (மருந்தின் பெயருடன்), வேறு, தீர்மானிக்க இயலவில்லை."

க்வெரியில் பணம் பற்றியோ, எந்தக் குறியீடு எவ்வளவு பெறும் என்பது பற்றியோ ஒரு சொல்லும் வரக் கூடாது. பதில் வந்து அது சார்ட்டில் பதிவான பிறகு ஈ09-க்கு மாற்றுங்கள். "தீர்மானிக்க இயலவில்லை" என்று வந்தால் ஈ11 வரிசையிலேயே கண்ணின் நிலையைக் குறியுங்கள். அப்போது டி38.0 வராது, மருந்து தொடர்வதால் இசட்79.52 மட்டும் இருக்கும்.