கிம்பல் வாங்கும் முன் தராசைத் தேடுங்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பால்குட ஊர்வலத்தை வீடியோ எடுத்தேன். ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை ஒன்றரைக் கிலோமீட்டர். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தபடியே முழுவதையும் எடுத்துவிட்டேன். மறுநாள் வீட்டில் டிவியில் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "தலையைச் சுற்றுகிறது, நிறுத்து" என்றார்.

அதன் பிறகு, நடந்தபடி எடுத்தாலும் கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிக் கருவிகள், அதாவது கிம்பல்கள், மூன்று வாங்கினேன். ஒன்று பரணில் கிடக்கிறது. ஒன்றைப் பாதி விலைக்கு விற்றேன். மூன்றாவதுதான் இப்போது கையில் இருக்கிறது. முதல் இரண்டுக்கும் கொடுத்த பணத்தை நீங்கள் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கேமராவை இயக்கத் தெரியும், ஷட்டர் என்றால் என்ன என்று தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: கிம்பல் வேண்டுமா என்று பாருங்கள்

நின்ற இடத்தில் எடுப்பவருக்கு முக்காலி போதும். பகல் வெளிச்சத்தில் செல்பேசியில் எடுப்பவருக்கு அதிலேயே இருக்கும் அதிர்வுத் தடுப்பு பெரும்பாலும் போதும். நடந்துகொண்டே, அதிலும் மாலை மங்கிய பிறகு எடுப்பவருக்குத்தான் கிம்பல் தேவைப்படுகிறது. காரணம் எளிது. மென்பொருள் வழியாக அதிர்வை நீக்கும்போது படச்சட்டத்தை நகர்த்தி நேராக்க முடியும். ஆனால் குறைந்த வெளிச்சத்தில் ஷட்டர் மெதுவாக இயங்கும்போது ஒவ்வொரு சட்டத்திலும் பதிந்துவிட்ட இழுபட்ட மங்கலை நீக்க முடியாது. படம் அசையாமல் நிற்கும், ஆனால் விளக்குகள் மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

சோனி கேமரா வைத்திருப்பவர்கள் செலவு செய்வதற்கு முன் கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருளை ஒருமுறை முயன்று பாருங்கள். கேமராவின் அசைவுத் தகவல் வீடியோவுடன் பதிவாகியிருந்தால் அதை வைத்துப் படத்தை நேராக்கித் தரும். ஷட்டரை 1/200 அளவுக்கு வேகமாக வைக்க வேண்டும், படத்தின் ஓரமும் கொஞ்சம் வெட்டுப்படும்.

படி 2: எந்த வகை?

எடையைக் கீழே தொங்கவிட்டுச் சமன் செய்யும் மோட்டார் இல்லாத வகை ஒன்று உண்டு. 1970களில் கேரட் பிரவுன் உருவாக்கிய, சினிமாக்காரர்கள் உடலில் கட்டிக்கொண்டு எடுக்கும் ஸ்டெடிகேமின் ஏழைத் தம்பி. நான் முதலில் வாங்கியது அதைத்தான். பேட்டரி வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் தெருமுனையில் காற்றடித்தால் கேமரா பட்டம்போலத் தானே திரும்பிக்கொள்ளும். மாதக்கணக்கில் பழகினால் அழகான காட்சிகள் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. எனக்குப் பொறுமை இல்லை. பரணுக்குப் போனது அதுதான்.

மூன்று அச்சு மோட்டார் கிம்பலே தொடக்கநிலையாளர்களுக்கு ஏற்றது. பக்கவாட்டில் திரும்புவது, மேலும் கீழும் சாய்வது, இடமும் வலமும் சரிவது என்ற மூன்று அசைவுகளையும் உணர்ந்து, மோட்டார்கள் எதிர்த்திசையில் திருப்பிச் சரி செய்கின்றன.

படி 3: எடை போடுங்கள்

கேமராவின் விவரத்தாளில் இருக்கும் எடையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். அப்போது என்னிடம் இருந்தது கேனான் 80டி. பேட்டரி, கார்டோடு 730 கிராம். 18-135 மி.மீ. ஜூம் லென்ஸ் 515 கிராம். கூட்டினால் 1,245. ஒரு நாள் மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கெஞ்சி, மைக், ஃபில்டர், அடித்தட்டு எல்லாவற்றோடும் அவருடைய தராசில் வைத்தேன். 1.410 என்று காட்டியது. "கிலோ என்ன விலை தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் துவரம் பருப்பை அளக்கப் போய்விட்டார்.

இந்த எண் கிம்பல் தாங்கும் எடையில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது என்பது என் கணக்கு. ஆனால் எடை மட்டும் போதாது. இதில்தான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். பெட்டியில் 2 கிலோ தாங்கும் என்று போட்டிருந்த ஒரு கிம்பலை வாங்கினேன். எடை சரிதான். ஆனால் லென்ஸ் நீளமாக இருந்ததால் முன்பக்கம் கனம் கூடிவிட்டது. சமன் செய்யக் கேமராவைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனால், சமநிலை வருவதற்கு முன் கேமராவின் முதுகு மோட்டாரில் இடித்தது. மீதி ஒரு சென்டிமீட்டர்தான் இருந்திருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டருக்காகக் கிம்பலையே விற்க வேண்டியதாயிற்று.

அதனால் உங்கள் கேமராவையும் மிக நீளமான லென்ஸையும் கடைக்கு எடுத்துச் சென்று, மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பக்கவாட்டில் விரியும் திரை கிம்பலின் கையில் இடிக்கிறதா என்றும் பாருங்கள். மாட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

இன்னொரு எடையும் இருக்கிறது: உங்கள் கை தாங்கும் எடை. இப்போது நான் வைத்திருப்பது டிஜேஐ ஆர்எஸ் 3 மினி என்ற கிம்பல். சுமார் 800 கிராம், தாங்குவது 2 கிலோ. அதன் மேல் சோனி இசட்வி-இ10 (343 கிராம்), சிக்மா 16 மி.மீ. லென்ஸ் (405 கிராம்). மொத்தம் ஒன்றரைக் கிலோ. லேசாகத் தோன்றுகிறதா? ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சுக்கு முன்னால் நீட்டி ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் 3 கிலோ தாங்கும் ஆர்எஸ் 3 போன்றவற்றுக்குப் போகத்தான் வேண்டும். தோள்பட்டைத் தைலத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மினியில் எனக்குப் பிடிக்காத ஒன்று, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது. முதல் நாள் இரவே சார்ஜ் போட மறந்தால் மறுநாள் ஊர்வலம் அவ்வளவுதான்.

படி 4: சமன் செய்தல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றது இந்தப் படி. அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மோட்டாரை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மூடியைக் கழற்றுங்கள். பேட்டரி, கார்டு, மைக் எல்லாம் இருக்கட்டும். திரையை விரித்து எடுப்பவர்கள் விரித்தே வையுங்கள். படம் எடுக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே. ஜூம் செய்தால் மூக்கு நீளும் லென்ஸ் என்றால், எந்த அளவில் எடுக்கப்போகிறீர்களோ அதில் வைத்துச் சமன் செய்யுங்கள். 18இல் சமன் செய்துவிட்டு 135க்கு நீட்டினால் கேமரா தலைகுனியும். ஜூம் இல்லாத லென்ஸுக்கு நான் மாறியதற்குப் பாதிக் காரணம் இதுவே.

முதலில் லென்ஸை வானம் பார்க்கத் திருப்புங்கள். நான் தவறவிட்டது இதைத்தான். லென்ஸ் எதிரே பார்க்கும்போது கேமரா நேராக நிற்கிறது என்றால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அது முன்பின் சமநிலையை மட்டும்தான் காட்டும்; உயரச் சமநிலையைக் காட்டாது. என் கேமரா எதிரே பார்க்கும்போது ஒழுங்காக நிற்கும், மேலே திருப்பினால் பின்பக்கமாகக் கவிழும். மோட்டாரில்தான் கோளாறு என்று நினைத்து, கடைக்காரரைத் தொலைபேசியில் நன்றாகத் திட்டியும்விட்டேன். உண்மையில் கேமரா அச்சைவிட உயரத்தில் உட்கார்ந்திருந்தது, தலைக்கனம். லென்ஸ் பின்னால் சாய்ந்தால் கேமராவைக் கீழே இறக்குங்கள், முன்னால் விழுந்தால் மேலே ஏற்றுங்கள். நான் இறக்க வேண்டியிருந்தது நாலைந்து மில்லிமீட்டர்தான்.

பிறகு லென்ஸை எதிரே திருப்பி, முன்னும் பின்னும் நகர்த்திச் சரி செய்யுங்கள். அடுத்தது இட வலச் சரிவு: எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். கடைசியாகக் கைப்பிடியைத் தரைக்கு இணையாகப் படுக்க வைத்துப் பிடியுங்கள். மேல்கை தானாகச் சுழன்று கீழே போனால் அந்த அச்சையும் நகர்த்த வேண்டும். எந்தக் கோணத்தில் விட்டாலும் ஆணியடித்தாற்போல நின்றால் சரி.

மோட்டார்தான் பிடித்துக்கொள்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு? சமநிலை இல்லாமல் ஓட்டினால் மோட்டார் சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும், வண்டு ரீங்கரிப்பதுபோல ஒரு சத்தம் மைக்கில் ஏறும், படத்தில் மெல்லிய நடுக்கம் வரும். என் நாதஸ்வரப் பதிவு ஒன்று அந்த வண்டுச் சத்தத்தால்தான் வீணாயிற்று.

படி 5: அமைப்புகள்

சமன் செய்த பிறகு மோட்டாரைப் போட்டு, தானியங்கி ட்யூனிங்கை (கேமராவின் எடைக்கு ஏற்ப மோட்டாரின் பலத்தைக் கிம்பலே சரி செய்துகொள்வது) ஒருமுறை ஓடவிடுங்கள். பான் ஃபாலோ என்ற முறையில் (நீங்கள் பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் கேமராவும் மெல்லப் பின்தொடரும்) வைத்து, பின்தொடரும் வேகத்தைக் குறையுங்கள். மற்ற முறைகளை ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். கேமராவின் மின்னணு அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள்; ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் சண்டைதான். நொடிக்கு 25 சட்டங்களுக்கு ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரத்துக்குச் சீரியல் விளக்குகளும் அதில் பெரும்பாலும் மினுங்காது. வெயிலில் வெளிச்சம் அதிகமானால், அதைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டரை லென்ஸில் போடுங்கள்.

படி 6: நடை

முதல் நாள் எடுத்ததைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. சாய்வு இல்லை, ஆட்டம் இல்லை; ஆனால் படம் படகில் இருந்து எடுத்ததுபோல ஏறி இறங்கியது. கிம்பல் திரும்பும் அசைவுகளைத்தான் தடுக்கும்; காலடிக்குக் காலடி உடம்பு எழும்பி இறங்குவதை அதனால் தடுக்க முடியாது. ஸ்டெடிகேமில் அதற்காகவே உடலோடு கட்டிய ஸ்பிரிங் கை இருக்கிறது. நமக்கு முழங்கால்தான் ஸ்பிரிங்.

பயிற்சி வீடியோக்கள் பலவற்றைப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வருட ஊர்வலத்தில், நான் படம் எடுக்கப் போன பெண்களே கற்றுக்கொடுத்தார்கள். தலையில் விளிம்பு வரை பால் நிறைந்த குடம். ஒன்றரைக் கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிறார்கள், ஒரு சொட்டு சிந்தவில்லை. குனிந்து அவர்கள் கால்களைப் பார்த்தேன். முழங்கால் எப்போதும் லேசாக மடங்கியே இருக்கிறது. அடி சின்னது. குதிகால் முதலில் பட்டு, பாதம் மெல்ல உருண்டு விரல் நுனிக்கு வருகிறது. இடுப்புக்கு மேல் எதுவும் அசையவில்லை. அப்படியே நடந்து பாருங்கள். முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, இரண்டு கைகளாலும் பிடியுங்கள். பின்னோக்கி நடப்பதென்றால், பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து வழிநடத்த ஒருவர் வேண்டும். என் அக்கா மகன் ஒரு ஐஸ்கிரீமுக்குச் சம்மதித்தான்.

பின்சேர்க்கை

செல்பேசிக் கிம்பல் பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். அதற்கும் தராசு உண்டு. ஆஸ்மோ மொபைல் 6 தாங்குவது 170 முதல் 290 கிராம் வரை. இன்றைய பெரிய பேசிகள் 220, 230 கிராம் வருகின்றன. தடித்த உறை ஒன்றையும் லென்ஸ் ஒன்றையும் மாட்டினால் எல்லையைத் தொட்டுவிடும். உறையைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் இட வலச் சமநிலை மட்டும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு புகைப்படம் அனுப்பச் சொன்னேன். கேமராவின் கழுத்துப் பட்டை கழற்றப்படாமல் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.