பழைய ஃபோர் வீல் டிரைவில் வேறு வண்டிப் பாகம்: மாட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருந்தால் ஒரு கட்டத்தில் அசல் பாகம் கிடைக்காமல் போகும். வேறு மாடலின் ஆக்சில், வேறு வருடத்து ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு), எதிலிருந்தோ கழற்றிய கிளட்ச் பிளேட் என்று கிடைத்ததை வைத்துத்தான் வண்டியை ஓட வைக்க வேண்டியிருக்கும். அதில் தப்பே இல்லை. ஆனால் போல்ட் ஏறிவிட்டது என்பதால் மட்டும் பாகம் பொருந்திவிட்டதாக ஆகாது, அளவு ஒத்துப்போக வேண்டும், அதை வண்டிக்கு வெளியே வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்று: கழற்றிய பழைய பாகம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வேலை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெர்னியர் காலிபரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. பழைய லேண்ட் ரோவர் போன்ற சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர் பாக்ஸின் சுழற்சியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்து அனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் இரு பக்கச் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி உருளும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக்கே இல்லை. அதனால் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஜாக்கியை நம்பி அடியில் போகாமல் ஸ்டாண்டு வையுங்கள்.

இனி ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று வர வேண்டும் என்ற கணக்கு. முன், பின் டிஃபரன்ஷியல் இரண்டுக்கும் ஒரே ரேஷியோ இருந்தாக வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆக்சிலுக்குள் வேறு வேறு பல் எண்ணிக்கை இருக்கலாம்: பழைய சீரிஸ் லேண்ட் ரோவரில் 4.7, ரேஞ்ச் ரோவரில் 3.54. முன்னால் 4.10, பின்னால் 3.73 என்று போட்டு, நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் ஃபோர் வீலைப் போட்டால், முன்சக்கரம் 100 மீட்டர் போகும் நேரத்தில் பின்சக்கரம் 110 மீட்டர் போகப் பார்க்கும். அந்த 10 மீட்டரும் டயர் வழுக்கித்தான் தீர வேண்டும். சேற்றில் வழுக்கிவிடும், கெட்டித் தரையில் வழுக்காது, இழுவிசை ஷாஃப்டிலும் கியரிலும் ஏறிக்கொண்டே போய் பலவீனமான இடத்தில் உடையும். நடுவில் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியிலும் தப்பிக்க முடியாது, அது ஓயாமல் சுற்றித் தேயும். 4.10, 4.11 என்ற சின்ன வித்தியாசம் மட்டும் பரவாயில்லை, 100 மீட்டருக்கு சுமார் கால் மீட்டர்தான். தேய்ந்த டயரும் புது டயரும் கலந்திருந்தாலே அதைவிட அதிகம் வந்துவிடும். டயர் அளவும் நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ரேஷியோவைக் கண்டுபிடிக்க டிஃபரன்ஷியலைப் பிரிக்க வேண்டியதில்லை. சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரையும் ட்ரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைத்து, ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் நிற்பதால் இது இரண்டும் சேர்ந்து 10 சுற்று வந்ததற்குச் சமம், ஷாஃப்டின் சுற்றை 10-ஆல் வகுத்தால் போதும்: ஷாஃப்ட் 41 சுற்று வந்தால் 4.10, 37-ஐக் கொஞ்சம் தாண்டினால் 3.73. இரண்டு சுற்றோடு நிறுத்தினால் நெருக்கமான ரேஷியோக்களைப் பிரித்தறிய முடியாது, பொறுமையாக 20 சுற்றுங்கள். முன் ஆக்சிலில் ஃப்ரீ வீல் ஹப் (சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் பூட்டு) இருந்தால் அதை லாக் செய்துவிட்டுச் சுற்ற வேண்டும்.

டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனும் ஜோடியாகவே அரைத்துச் சேர்க்கப்பட்டவை, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்று இதிலிருந்து, ஒன்று அதிலிருந்து எடுத்துப் போட்டால் பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சத்தம் போடும், சீக்கிரம் தேய்ந்துவிடும். ஜோடியாக மாற்றும்போதும் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்துப் பல் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பெரும்பாலான ஆக்சில்களில் அது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் வரும், அந்த ஆக்சிலின் மேனுவலில் உள்ளதே கடைசி வார்த்தை. இவ்வளவு சின்ன அசைவை அளக்கும் டயல் கேஜ் இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம். இன்னொன்று, டிஃபரன்ஷியல் பானை (ஆக்சிலில் உருண்டையாகப் புடைத்திருக்கும் கூடு) எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பக்கம் மாறுகிறதே என்று ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும்.

ஆக்சில் ஷாஃப்டில் ஸ்ப்ளைன் பல்லை (முனையில் நீளவாக்கில் வெட்டிய வரிப்பல்லை) எண்ணுங்கள், லேண்ட் ரோவரிலேயே 10 பல்லும் உண்டு, 24 பல்லும் உண்டு. எண்ணிக்கை ஒத்துப்போனாலும் விட்டமும் பல்லின் சாய்வும் வேறாக இருக்கலாம். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், சுத்தியல் தேவைப்பட்டால் அது வேறு பாகம்.

அதிகம் கோட்டை விடுவது ப்ரொப்பல்லர் ஷாஃப்டில்தான். ஷாஃப்ட் முனை மூட்டில் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸ்பைசர் கம்பெனியின் 1310, 1330 அளவுகள் இரண்டுக்கும் கிராஸ் முனையில் மாட்டும் கப்பின் விட்டம் 27 மில்லிமீட்டர்தான், ஆனால் மொத்த அகலம் ஒன்றில் சுமார் 82, இன்னொன்றில் சுமார் 92. கப்பை மட்டும் அளந்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம். ஒரு பக்கம் 1310, மறுபக்கம் 1330 என்று இரண்டையும் இணைக்கும் கிராஸ் தனியாகவே வருகிறது, அதைப் போடுங்கள்.

அப்புறம் ஃபிளாஞ்ச், அதாவது ஷாஃப்டை அடுத்த பாகத்தோடு போல்ட் போட்டுச் சேர்க்கும் தட்டை முனை. அதன் நடுவில் சின்ன வட்டமான மேடு இருக்கும், எதிர் ஃபிளாஞ்சில் அது உட்காரும் பள்ளம் இருக்கும். ஷாஃப்டை நட்டநடுவில் நிறுத்துவது இந்த மேடுதான், போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டுமே. வேறு வண்டி ஃபிளாஞ்சில் போல்ட் துளை நான்கும் ஒத்துப்போய், மேட்டைச் சுற்றி அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும், ஷாஃப்ட் மையம் தப்பி நின்று வேகம் ஏறும்போது வண்டி நடுங்கும். தகரத்தைச் சுருட்டி வைக்காமல், லேத்தில் கொடுத்து இறுக்கமான வளையமோ அடாப்டர் தட்டோ கடைந்து வாங்குங்கள். போல்டையும் கவனியுங்கள்: 3/8 அங்குல போல்ட் 9.5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் துளையில் அழகாகப் போய்விடும், ஆனால் உள்ளே அசைவு இருக்கும். அங்குல போல்டுக்கு மில்லிமீட்டர் நட்டை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும்.

நீளம் பார்க்கும்போது வண்டி சக்கரத்தில் நிற்கும் நிலையில் மட்டும் பார்க்காதீர்கள். ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது ஷாஃப்டின் நீளம் கூடிக் குறையச் சறுக்கும் ஸ்லிப் ஜாயின்ட் கழன்றுவிடக் கூடாது, முழுக்க மேலேறும்போது உள்ளே முட்டக் கூடாது. அதைப் பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பல் தள்ளிச் சேர்த்தாலும் இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே தளத்தில் நிற்காது, நடுக்கம் வரும்.

கிளட்ச் பிளேட் என்றால் ஸ்ப்ளைன், பிளேட் விட்டம், ஃப்ளைவீல் நடுவில் கியர் பாக்ஸ் ஷாஃப்டின் முனை உட்காரும் பைலட் பேரிங்கின் உள்விட்டம் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போதே பாருங்கள்.

ஆயிலை வண்டியின் பெயரைப் பார்த்து ஊற்றாமல், இப்போது உள்ளே இருக்கும் பாகம் எதைக் கேட்கிறதோ அதை ஊற்றுங்கள். ஹைபாய்ட் டிஃபரன்ஷியலுக்கு (பினியன் கிரவுன் வீலின் மையத்திலிருந்து தள்ளி நிற்கும் வகை) ஜிஎல்-5 தர கியர் ஆயில் வேண்டும், அதையே பித்தளை சிங்க்ரோ (கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) உள்ள பழைய கியர் பாக்ஸில் ஊற்றினால் பித்தளையை அரிக்க வாய்ப்புண்டு, அங்கே ஜிஎல்-4.

எல்லாம் மாட்டியதும் சக்கரம் தூக்கிய நிலையில் கையால் சுற்றி, எங்காவது பிடிக்கிறதா, தட்டுகிறதா பாருங்கள். பிறகு டூ வீலில் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஃபிளாஞ்ச் போல்ட்டை மறுபடி இறுக்கி, டிஃபரன்ஷியல் பானையைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கோ பல் இடைவெளியோ இறுகியிருக்கிறது, மேற்கொண்டு ஓட்டாமல் பிரியுங்கள். ஃபோர் வீலை முதலில் மண் தரையில் போட்டுப் பாருங்கள், வளைந்து திரும்பி நேரே வந்த பிறகும் ஃபோர் வீல் லிவர் விடாமல் இறுக்கிப் பிடித்தால் ரேஷியோவை மறுபடி எண்ணுங்கள்.