கம்பிரியாவில் நடக்கப் போகிறீர்களா? தட்டையான இடத்தை நம்பாதீர்கள்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் கம்பிரியாவுக்கு நடக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மலை உச்சியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஸ்கேஃபெல் பைக் 978 மீட்டர், இங்கிலாந்திலேயே உயரமானது. அதற்கென்று நல்ல ஷூ, குச்சி, ரெயின்கோட் எல்லாம் வாங்குவார்கள். அப்புறம் ஒருநாள், "மலை வேண்டாம், ஏரிக்கரையோரமாகச் சும்மா நடந்துவிட்டு வருவோம்" என்று கிளம்பும்போது அத்தனையும் அறையிலேயே கிடக்கும். ஏரி, கடற்கரை, மூடிப்போன சுரங்கம் மூன்றும் அடுத்தடுத்து இருக்கிற ஊர் இது. மூன்றிலும் ஆள் மாட்டிக்கொள்வது, தரை தட்டையாகத் தெரிகிற இடத்தில்தான்.

ஏரிக்கரைப் பாதை எல்லாம் ஒன்றல்ல

வாஸ்ட்வாட்டர் இங்கிலாந்தின் மிக ஆழமான ஏரி. நீளம் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதன் தென்கிழக்குக் கரையை ஒட்டி வரைபடத்தில் ஒரு பாதை ஓடுகிறது. ஏற்றமே இல்லை. பார்த்தவுடன், ஒன்றேகால் மணி நேர வேலை என்று கணக்குப் போட்டுவிடுவோம். வாஸ்டேல் ஹெட் பக்கமிருந்து தொடங்கினால் பாதி வழிக்கு மேல் அந்தக் கணக்கு சரியாகவும் இருக்கும். ஏரியின் கடைக்கோடி நெருங்கும்போதுதான் பாதை காணாமல் போகும். மேலே இல்கில் ஹெட், வின் ரிக் மலைகளிலிருந்து சரிந்து விழுந்த பாறைகள் தண்ணீர் வரைக்கும் குவிந்து கிடக்கின்றன. சில பாறைகள் மேசை அளவு, சில அதைவிடப் பெரியவை. நடுநடுவே கால் மாட்டுகிற அளவுக்குச் சந்துகள். மழை பெய்திருந்தால் பாசி படிந்த பாறை வழுக்கும். அந்தச் சில நூறு மீட்டரைக் கையும் காலுமாகத் தாண்டப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வேகமாகத் தாண்டப் பார்ப்பதுதான் தவறு. கணுக்கால் போவது அப்படித்தான். சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் எதிர்க்கரையில் சாலை இருக்கிறது, அங்கே நடக்கலாம். ஸ்கிரீஸ் என்ற அந்தச் சரிவு முழுசாகத் தெரிவதும் அங்கிருந்துதான்.

ஏரியில் இறங்குவதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜூலை வெயிலில் கரையோரத் தண்ணீர் இதமாக இருக்கும். நாலடி தள்ளினால் ஆழம், ஆழத்தில் குளிர். திடீரென்று குளிர்ந்த நீரில் விழும் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் திணறுவார். குதிக்காமல் மெல்ல இறங்குங்கள்.

பச்சைக் கோடு என்ன சொல்கிறது

ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடு, அந்த வழியில் நடக்கப் பொதுமக்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்று காட்டுகிறது. அவ்வளவுதான். அங்கே பாதை கண்ணுக்குத் தெரியும் என்றோ, நடந்தால் பத்திரமாகப் போய்ச் சேரலாம் என்றோ அது சொல்லவில்லை. கறுப்புக் கோடு நேர் எதிர்: தரையில் பாதை இருக்கிறது என்று காட்டும், உரிமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

இந்தக் குழப்பத்துக்கு மோசமான விலை கேட்கும் இடங்கள் டடன் முகத்துவாரமும் மோர்கம் விரிகுடாவும். இரண்டிலும் பச்சைக் கோடுகள் மணல்வெளியின் குறுக்கே கடலுக்குள்ளேயே போகும். பக்கத்திலேயே எச்சரிக்கையும் அச்சிட்டிருப்பார்கள். கைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அது திரைக்கு வெளியே போய்விடுகிறது. மோர்கம் விரிகுடாவில் கடல் ஏறும்போது நீர்மட்டம் பத்து மீட்டர் வரை உயரும். அலை முன்னால் வருவதைப் பார்த்துத் திரும்பி ஓடலாம் என்ற நினைப்பு அங்கே எடுபடாது. நீங்கள் நிற்கும் மணல்திட்டு காய்ந்தே இருக்கும். உங்களுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் கால்வாய் முதலில் நிரம்பும். புதைமணலும் உண்டு. ஆற்றுக் கால்வாய்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், போன வருஷம் கடந்த வழி இந்த வருஷம் உதவாது. 2004 பிப்ரவரி 5 இரவு சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்களில் குறைந்தது 21 பேர் இங்கேதான் மூழ்கி இறந்தார்கள்.

மணலைக் கடக்க வழிகாட்டி என்று அரச நியமனம் பெற்ற ஒருவர் 16ஆம் நூற்றாண்டிலிருந்து இருந்து வருகிறார். 1963 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர் செட்ரிக் ராபின்சன். ஆர்ன்சைடிலிருந்து கென்ட்ஸ் பேங்க் வரை கூட்டமாக அழைத்துப் போவார்கள், நடுவில் கென்ட் ஆற்றில் இறங்கி நடக்க வேண்டும். அந்த ஏற்பாட்டோடு போங்கள், இல்லையென்றால் போகாதீர்கள். ஆர்ன்சைடில் சைரன் ஒலித்தால் கடல் ஏறப் போகிறது என்று அர்த்தம். படமெடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துத்தான் போனோம் என்பவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்திலேயே அச்சாகின்றன. கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், அட்டவணையில் இருக்கும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். எது என்று அட்டவணையின் ஓரத்தில் போட்டிருக்கும்.

ராவன்கிளாஸுக்குத் தெற்கே எஸ்க்மீல்ஸில் ராணுவத் துப்பாக்கிச் சுடுதளம். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் அந்தக் கடற்கரைப் பக்கம் போக வேண்டாம்.

சுரங்கம் மூடியதும் மண் அடங்கிவிடாது

கோனிஸ்டன் ஊருக்கு மேலே காப்பர்மைன்ஸ் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜெர்மன் சுரங்கத் தொழிலாளர்கள் செம்பு தோண்டினார்கள். இன்று கழிவுக் கற்குவியல்கள், இடிந்த கட்டடங்கள், மலைப்பக்கத்தில் இருட்டாகச் சில வாய்கள். உள்ளே எட்டிப் பார்க்க எல்லாருக்கும் ஆசை வரும். உள்ளே தரை போலத் தெரிவது தரையாகவே இல்லாமல் போகலாம். அந்தக் காலத்தில் ஆழக் குழியின் மேல் மரத்தை அடுக்கி, அதன் மேல் கல்லும் மண்ணும் கொட்டி வழி அமைத்தார்கள். மரம் உளுத்துப்போயிருக்கும், மேலே இருக்கும் சரளை மட்டும் அப்படியே இருக்கும். வெளியேயும் இதே கதைதான்: சில பழைய செங்குத்துக் குழிகளின் வாயை மரக்கட்டை வைத்து மூடி மண் போட்டிருக்கிறார்கள். அதனால் புல்வெளியில் வட்டமாக ஒரு குழிவைக் கண்டால், உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம் என்று இறங்காதீர்கள். வேலி போட்டிருந்தால் அது ஆட்டுக்கு மட்டும் என்று நினைத்துத் தாண்டாதீர்கள். சுரங்கத்துக்குள் போக ஆசைதான் என்றால், ஹானிஸ்டரில் ஸ்லேட் சுரங்கத்துக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறார்கள்.

மில்லம் ஊரின் ஓரத்தில் ஹாட்பாரோ. கடலடி வரை இரும்புத் தாது தோண்டிய இடம். நிலம் இறங்கி, கடலைத் தடுக்கக் கட்டிய முதல் சுவர் உடைந்ததால் அதற்கு வெளியே இன்னொன்றை 1905இல் கட்டி முடித்தார்கள். சுரங்கம் 1968இல் மூடியது, பம்புகள் நின்றன, பள்ளம் முழுக்க நீர் நிரம்பியது. இப்போது அது ஆலாக்கள் முட்டையிடும் பறவைச் சரணாலயம். வெளிச்சுவர் மேல் நடக்கும் பாதை அருமையானது, இந்தப் பகுதியில் நான் முதலில் சிபாரிசு செய்வது அதைத்தான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அசையாத ஏரி. அந்த அமைதியைப் பார்த்து நீந்த இறங்க வேண்டாம், அடியில் கிடப்பது சுரங்கம். கோடையில் பறவைகள் கூடு கட்டும் இடத்துக்கும் நெருங்கக் கூடாது.

மழையும் நேரமும்

பாரோடேலில் உள்ள சீத்வெய்ட், இங்கிலாந்தில் ஆட்கள் வசிக்கும் இடங்களிலேயே அதிகம் மழை பெய்வது, ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர். பக்கத்து ஊரின் முன்னறிவிப்பு இங்கே செல்லாது. மலைக்கென்றே வெதர்லைன் என்ற வானிலைச் சேவை தரும் தகவலைப் பாருங்கள். காலையில் தாண்டிக் குதித்த ஓடை மாலையில் தாண்ட முடியாததாக இருக்கும்.

நேரக் கணக்குக்கு 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் சொன்ன விதி இன்றும் போதும்: மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் அரை மணி கூடுதல். நின்று படமெடுக்கவும் சாப்பிடவும் அதில் இடமில்லை, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வழிப்பலகையில் இருப்பது மைல். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், தலைவிளக்கு வேண்டும்.

கடலோரத்தில் ரயிலை நம்பி நடப்பவர்கள், முதலில் ரயிலேறிப் போய், தங்கும் ஊரை நோக்கி நடந்து வாருங்கள். கடைசி வண்டியைப் பிடிக்க செயின்ட் பீஸ் பாறை முனையில் ஓட வேண்டியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு.

மாட்டிக்கொண்டால் 999. மலையில் என்றால் போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்; மணலிலோ பாறை முனையிலோ என்றால் கடலோரக் காவல்படை. சிக்னல் மங்கலான பள்ளத்தாக்குகளில் குறுஞ்செய்தி மட்டும் போகலாம், அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். 'register' என்று ஆங்கிலத்தில் 999க்கு அனுப்பி, வரும் பதிலுக்கு 'yes' என்று பதில் அனுப்ப வேண்டும், அதை வீட்டிலிருந்தே செய்துவிடலாம்.