வேதியியல் ஆசிரியராக விரும்பும் பிள்ளைகளுக்கு

"மிஸ், கெமிஸ்ட்ரி டீச்சர் ஆகணும்னா என்ன படிக்கணும்?" பிளஸ் டூ தேர்வு முடியும் நேரத்தில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பிள்ளைகளாவது என்னிடம் வந்து கேட்பார்கள். தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கும் நான் அவர்களிடம் சொல்வது இதுதான்.

முதலில் பி.எஸ்சி. வேதியியல் மூன்று ஆண்டு, அப்புறம் பி.எட். இரண்டு ஆண்டு. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால் ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாளில் தேர்ச்சி பெற்று, போட்டித் தேர்வும் எழுத வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே பாடம் என்பதால் ஒளி, மின்சாரம், உயிரணு எல்லாம் சேர்த்தே நடத்த வேண்டியிருக்கும். வேதியியல் மட்டும்தான் வேண்டும் என்றால் எம்.எஸ்சி.யும் முடித்து, பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கான தேர்வு எழுதுங்கள். 150 மதிப்பெண்ணில் 110 பாடத்துக்கு, 30 கல்வியியலுக்கு, 10 பொது அறிவுக்கு. கல்லூரியில் அரைகுறையாக விட்ட கரிம வினைவழிமுறை (கரிமச் சேர்மங்கள் படிப்படியாக எப்படி வினைபுரிகின்றன என்பது) எல்லாம் அந்த 110-இல் வந்து நிற்கும். அதனால் பி.எஸ்சி. நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பி.எட்.டில் நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒன்று வரும். உடன் படிப்பவர்களே மாணவர்களாக உட்கார, ஐந்தாறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். பலர் இதை ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் செய்கிறார்கள். அது பெரிய இழப்பு. ஒரு தோழியிடம் கடிகாரத்தைக் கொடுத்து, கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறேன் என்று பார்க்கச் சொன்னேன். ஒரு விநாடிகூட இல்லை! பதிலையும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் பயிற்சி. போன முதல் நாளே லேப் அசிஸ்டண்ட் அண்ணனைப் பார்த்துப் பேசுங்கள். எந்த பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்) ஒழுகுகிறது, எந்தக் கரைசல் பழசு என்பது அவருக்குத்தான் தெரியும். வகுப்பில் காட்டப்போகும் சோதனையை முந்தின நாளே, அதே பாட்டிலிலிருந்து எடுத்துத் தனியாகச் செய்து பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஆக்சாலிக் அமிலத்துடன் பொட்டாசியம் பர்மாங்கனேட் தரம்பார்த்தல்: குடுவையில் உள்ள அமிலத்தில் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வினை முடிய எவ்வளவு ஆகிறது என்று அளப்பது. கல்லூரியில் எத்தனையோ முறை செய்ததுதானே என்று ஒத்திகை பார்க்காமல் போய்விட்டேன். பதற்றத்தில் குடுவையைச் சூடாக்க மறந்துவிட்டேன். முதல் சொட்டு விழுந்தது. இளஞ்சிவப்பு அப்படியே நின்றது. "முடிவு நிலை வந்துடுச்சு மிஸ்!" என்று, வினை முடிந்துவிட்டதாக நினைத்து முன்வரிசை கத்தியது. அவர்கள் மேல் தப்பில்லை. நிறம் நிலைத்தால் நிறுத்து என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கினாலும் முதல் சொட்டு மெதுவாகத்தான் நிறம் இழக்கும். அந்தச் சொட்டிலிருந்து உருவாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்தும் வினையூக்கியாகி, அடுத்தடுத்த சொட்டுகளின் நிறத்தைச் சட்டென்று போக்கும். நிறம் ஏன் தயங்கியது, பிறகு ஏன் வேகமாகப் போனது என்று பிள்ளைகளையே முதலில் பேசவிடுங்கள். அதற்குப் பிறகு சமன்பாட்டை எழுதினால், இரண்டு பர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சலேட் (ஆக்சாலிக் அமிலத்தின் அயனி) என்ற கணக்கு அவர்களுக்கு வெறும் எண்ணாக இருக்காது. பியூரெட்டில் அளவு பார்க்கும்போது கரைசல் அடர்நிறம் என்பதால் மேல் விளிம்பைப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.

கூடவே ஒரு சின்ன நோட்டு வையுங்கள். பதில் தெரியாமல் விழித்த கேள்விகளை அன்று மாலையே அதில் எழுதிவிட வேண்டும். என் நோட்டின் முதல் கேள்வி, அதே தரம்பார்த்தலில் குடுவையில் சல்பியூரிக் அமிலம் சேர்ப்பதைப் பற்றி ஒரு பையன் கேட்டது: "சல்பியூரிக்கும் அமிலம், ஹைட்ரோகுளோரிக்கும் அமிலம். ஏன் மிஸ் ஹைட்ரோகுளோரிக்கை ஊத்தக் கூடாது?" புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். இரவு தேடிப் படித்தேன். பர்மாங்கனேட், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கிவிடும். பர்மாங்கனேட் அதற்கும் சேர்த்துச் செலவாவதால் பியூரெட் அளவு கூடிப்போகும். மறுநாள் வருகைப்பதிவு எடுக்கும் முன்பே அவனைக் கூப்பிட்டு, நேற்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று சொல்லி, எல்லோருக்கும் கரும்பலகையில் எழுதிக்காட்டினேன்.