செத்த காலேஜிலிருந்து மாமல்லபுரம் வரை: சென்னையில் மியூசியம் பார்க்க இரண்டு நாள் திட்டம்

சென்னையில் மியூசியம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் செயின்ட் ஜார்ஜ் கோட்டை மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. தென்னாட்டுப் பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள். மற்ற ஊர்களைப் போல எல்லாம் திங்களன்றுதான் மூடியிருக்கும் என்று நினைத்து வெள்ளிக்கிழமை ரயிலேறி வருகிறவர்கள், எழும்பூர் கேட்டில் தொங்கும் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சனி, ஞாயிறு எல்லாமே திறந்திருக்கும். ஆனால் மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் கார்கள் நகராது. ஆக, புதனும் வியாழனும் தோதான ஜோடி. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது மாதம். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மாமல்லபுரத்துப் பாறைகள் தோசைக்கல். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. கட்டடத்துக்குள் இருக்கும் எழும்பூரைப் பார்க்கலாம், திறந்தவெளியான தட்சிணசித்ரா நனைந்துபோகும். மார்கழித் தொடக்கத்திலிருந்து மாசி வரை நல்ல காலம். மார்கழியில் வந்தால் ஒரு லாபமும் உண்டு. மியூசிக் அகாடமியில் காலை 8 மணி வாக்கில் நடக்கும் விளக்க உரைகளுக்கும், பல சபாக்களில் மதியம் பாடும் இளையவர்களின் கச்சேரிகளுக்கும் டிக்கெட் கிடையாது. கேன்டீன் சாப்பாட்டுக்கு மட்டும் காசு வேண்டும்.

இரண்டு நாளில் இத்தனையும் முடியுமா என்றால், முடியும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய இடம்தான். மூன்றாவதைச் சேர்த்தால் கால்தான் பார்க்கும், கண் பார்க்காது.

முதல் நாள்: எழும்பூர், பிறகு கோட்டை

பழைய மெட்ராஸ்காரர்கள் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். 1851-இல் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் தொடங்கி, 1854-இல் பாந்தியன் ரோட்டுக்கு மாறியது. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்கு அடுத்து நாட்டிலேயே பழையது. எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

காலை 9.30-க்குத் திறக்கும்போதே உள்ளே இருங்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கவுன்டரில் கேட்க வேண்டிய கேள்வி: 'இன்னிக்கு எந்தெந்த கேலரி திறந்திருக்கு?' வளாகத்தில் பல கட்டடங்கள். பராமரிப்புக்காக ஏதாவது ஒன்று பூட்டியிருப்பது வழக்கம். ஹென்றி இர்வின் வடிவமைத்த சிவப்புக் கல் கட்டடமான தேசிய கலைக்கூடம் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ரவி வர்மா ஓவியங்களுக்காகவே வருகிறவர்கள் இதைக் கேட்காமல் டிக்கெட் எடுக்கக் கூடாது. படம் எடுப்பதாக இருந்தால் கேமரா டிக்கெட்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள். உள்ளே ஊழியர் கேட்கும்போது மறுபடி கேட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

எல்லோரும் செய்யும் தவறு, முதல் கட்டடத்தில் நுழைந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவது. பாடம் செய்துவைத்த பறவைகள், பாம்புகள், திமிங்கில எலும்புக்கூடு எல்லாம் முடித்து, வெண்கலக் கூடத்துக்கு வரும்போது மணி ஒன்றாகியிருக்கும், குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்திருப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். நேராக வெண்கலக் கூடம். கண் புதிதாக இருக்கும்போது ஒன்றரை மணி நேரம் அங்கே.

சோழர் வெண்கலத்தைப் பார்க்க ஒரு முறை இருக்கிறது. முதலில் பீடம். அதில் துளைகளோ வளையங்களோ இருக்கும். கோயிலுக்குள் நிலையாக இருப்பவர் மூலவர். வீதிக்கு வருகிறவர் உற்சவர். அந்தத் துளைகளில் தண்டு செருகித் தோளில் தூக்கியிருக்கிறார்கள். அதனால்தான் இந்தச் சிலைகளுக்கு முதுகும் உண்டு. ஊர்வலம் கடந்து போன பிறகு தெருவில் நிற்கிறவருக்குத் தெரிவது சுவாமியின் முதுகுதானே! கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வர இடமிருந்தால் பின்னால் போய்ப் பாருங்கள்; கூந்தலின் முடிச்சு, மாலையின் தொங்கல், இடுப்புத் துணியின் மடிப்பு எல்லாம் முன்பக்கத்துக்குக் குறையாமல் இருக்கும். பிறகு மூக்கு. முற்காலச் சோழர் முகங்களில் மூக்கும் கன்னமும் மெத்தென்று இருக்கும். விஜயநகர காலத்துக்கு வர வர மூக்கு கூராகி, நகைகள் விறைத்துக்கொள்ளும். இரண்டு சிலைகளை அருகருகே ஒப்பிட்டால் இது சட்டெனப் பிடிபட்டுவிடும்.

திருவெண்காட்டு அர்த்தநாரி அருகில் பத்து நிமிடமாவது நில்லுங்கள். 11-ஆம் நூற்றாண்டு. கைகளை எண்ணுங்கள்: மூன்று. வலப்பக்கச் சிவனுக்கு இரண்டு, இடப்பக்க உமைக்கு ஒன்று. சிவனின் ஒரு கை வெறுமனே மடங்கி அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். அது காளையின் மேல் ஊன்றியிருந்த கை. காளைதான் இப்போது இல்லை. உடல் சாய்ந்திருப்பதன் காரணமும் அதுவே. திருவாலங்காட்டு நடராஜரிலும் இப்படி இல்லாததைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சுற்றி நெருப்பு வளையமான திருவாசி இல்லை, விரிந்து பறக்கும் சடையும் இல்லை. அதனால் ஆட்டம் முழுக்கக் காலிலும் இடுப்பிலும் தெரிகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடேன் இந்த மியூசியத்து நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே ஒரு கட்டுரை எழுதினார். நேரில் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை, நமக்கு எழும்பூர் டிக்கெட் போதும்.

நாகப்பட்டினத்துப் புத்தர்களை விட்டுவிடாதீர்கள். ராஜராஜன் காலத்தில் சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசன் நாகையில் கட்டிய சூடாமணி விகாரை என்ற பௌத்த மடத்தோடு சேர்த்துப் பேசப்படும் கடற்கரை வெண்கலங்கள் இவை. புத்தரின் தலை உச்சியில் ஒரு சுடர் எழுந்து நிற்கும். நாகை வெண்கலத்தை அடையாளம் காண அதுவே போதும்.

வெண்கலத்துக்குப் பிறகு தொல்லியல். இரண்டே இடம் சொல்கிறோம். ஒன்று, ஆதிச்சநல்லூர்ப் பொருட்கள்: முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய பொன்பட்டங்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்தவை. இன்னொன்று, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேர்த்த கற்கருவிகள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே பல்லாவரம், அங்கே 1863-இல் அவர் எடுத்த கைக்கோடரிதான் இந்தியாவின் பழைய கற்காலத்தை முதலில் காட்டியது. வெறும் கல் என்று கடந்து போகாமல், விளிம்பில் இரு பக்கமும் சில்லுப் பெயர்த்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தானாக உடைந்த கல்லில் அந்த ஒழுங்கு இருக்காது. கூடவே ஒரு குறிப்பு: இங்கே இருக்கும் ஆந்திரத்து அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள் என்று சொல்லப்படுபவை உண்மையில் பளிங்கு அல்ல, லேசாகப் பச்சை ஓடிய சுண்ணாம்புக் கல்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் படமெடுக்க, ஃபிளாஷை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியை ஒட்டிவைத்து, சற்றே சாய்த்துப் பிடியுங்கள். வெளிர் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கும். கறுப்பு அல்லது கருநீலம் நல்லது.

மதியம் ஒன்றரைக்குள் வெளியே வந்து, எழும்பூரிலேயே சாப்பிட்டுவிட்டு, கடற்கரை செல்லும் மின்சார ரயிலைப் பிடியுங்கள். பூங்கா அடுத்து கோட்டை, இரண்டே ஸ்டேஷன். ஆட்டோவில் போனால் சென்ட்ரல் சிக்னலிலேயே அரை மணி போய்விடும்.

கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருக்கின்றன. எனவே வாசலில் பை சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சட்டசபை கூடும் நாளில் கெடுபிடி அதிகம். செய்தித்தாளைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. 1795-இல் முடிந்த பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தில், 1948 முதல் மியூசியம் இயங்குகிறது.

இங்கே மூன்று பொருட்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி. பழைய பட்டு வெளிச்சம் பட்டால் நைந்துபோகும், அதனால் யாரும் சொல்லாவிட்டாலும் ஃபிளாஷ் வேண்டாம். அடுத்தது எம்டன் குண்டின் துண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் கடலிலிருந்து சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கப்பல் போய்விட்டது, 'அவன் சரியான எம்டன்' என்ற பேச்சு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. மூன்றாவது ஒரு மரக்கூண்டு. மெட்ராஸ் பீரங்கிப் படையின் கேப்டன் ஆன்ஸ்ட்ரூதரை 1840-இல் சீனர்கள் பிடித்து அடைத்துவைத்தது. கூண்டின் அளவைப் பார்த்துவிட்டு அதற்குள் ஓர் ஆள் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று மனசுக்குள் மடக்கிப் பாருங்கள்.

மியூசியத்திலிருந்து சில நிமிட நடையில் 1680-இல் கட்டிய செயின்ட் மேரீஸ் தேவாலயம். ராபர்ட் கிளைவ் 1753-இல் திருமணம் செய்துகொண்டது இங்கேதான். கூரையில் மரமே இல்லை. குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று வளைவாகவும் கனமாகவும் கட்டினார்கள். வெளித்தளத்தில் பாவியிருக்கும் கல்லறைக் கற்களில் லத்தீனும் போர்ச்சுகீசிய மொழியும் அர்மீனிய எழுத்தும் கிடக்கும், குனிந்து பாருங்கள். மாலை 5 மணிக்குள் எல்லாம் மூடிவிடும்.

இரண்டாம் நாள்: ஈசிஆர், தெற்கிலிருந்து வடக்காக

பெரும்பாலானவர்கள் சென்னையிலிருந்து வழியில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், உச்சி வெயிலில் மாமல்லபுரத்தில் இறங்குகிறார்கள். இது தப்பு. விடியற்காலையிலேயே கிளம்பி நேராக மாமல்லபுரம் போங்கள். 6 மணிக்குத் திறந்துவிடும். சூரியன் கடலிலிருந்து ஏறும்போது கடற்கரைக் கோயில், கிழக்கு நோக்கியிருக்கும் அர்ஜுனன் தபசுப் பாறை, இரண்டிலும் வெளிச்சம் நேராக விழும். பத்து மணிக்கு மேல் நிழல்கள் செத்துப்போய்ச் சிற்பம் தட்டையாகத் தெரியும்.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட். முதல் இடத்திலேயே அதைக் கசக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது வாசலில் திரும்பக் காசு கொடுக்கிறவர்கள் தினமும் உண்டு. 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. தபசுப் பாறைக்கு டிக்கெட்டே கிடையாது. அதில் யானைகளைப் பார்த்தவுடன் நகர்ந்துவிடாமல், கீழே கை தூக்கித் தவம் செய்யும் பூனையைத் தேடுங்கள், அதைச் சுற்றி எலிகள். ருத்திராட்சப் பூனையைக் கல்லில் வடித்துவைத்த குறும்பு அது.

ரதங்களில் சகதேவ ரதத்துக்குப் பக்கத்தில் ஏன் ஒரு யானை நிற்கிறது? ரதத்தின் பின்புறம் வளைந்திருப்பதை யானை முதுகு வடிவம் என்பார்கள். யானைக்குப் பின்னால் நின்று இரண்டையும் ஒரே பார்வையில் பாருங்கள். சிற்பி வைத்த விளக்கக் குறிப்பு அதுதான். திரௌபதி ரதம் அசல் ஓலைக் குடிசை, உள்ளே இருப்பவள் கொற்றவை. பாண்டவர் பெயரெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

ஒன்பதரைக்குக் கிளம்பி வடக்கே வாருங்கள். சாளுவன்குப்பத்தில் புலிக்குகை, அதற்கு அருகிலேயே, 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம். பலர் புலிக்குகையோடு திரும்பிவிடுகிறார்கள். குழந்தைகள் இருந்தால் அடுத்து முதலைப் பண்ணை, இல்லையென்றால் தாண்டிவிடலாம்.

தட்சிணசித்ரா 10 மணிக்குத் திறக்கும். குறைந்தது மூன்று மணி நேரம் வேண்டும். பேருந்தில் வந்தால் 'எம்ஜிஎம்' என்று கேட்டு இறங்குங்கள், பக்கத்திலேயே. மகளிருக்குச் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பயணம் இலவசம். 1996-இல் திறந்த இடம். வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. இங்கே இருப்பவற்றில் பல மாதிரி வீடுகள் அல்ல. தென்னாட்டின் பல ஊர்களில் இடிக்கவிருந்த வீடுகளைக் கல் கல்லாக, உத்தரம் உத்தரமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். எனவே சுவர்ப் படங்களை விட்டுவிட்டு வீட்டைப் பாருங்கள்: செட்டிநாட்டு வீட்டில் முற்றத்துத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது, அக்ரகாரத்து வீட்டில் திண்ணையில் உட்கார்ந்தால் உள்ளே எதுவரை தெரிகிறது, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல் பத்தாயம் எங்கே இருக்கிறது. ஆந்திரக் கரையோரத்து வட்ட மண்வீடுதான் கடற்கரைக்காரர்களுக்குப் பாடம். கூரை ஏறக்குறைய தரையைத் தொடும் அளவுக்கு இறங்கியிருக்கும், மூலையே இல்லை. புயல் காற்றுக்குப் பிடி கிடைக்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். திண்ணையிலிருந்து பார்த்தால் இது புரியாது, குனிந்து உள்ளே போக வேண்டும்.

குயவர் சக்கரம் மாதிரியான கைவேலைகளுக்குத் தனிக் கட்டணம். குழந்தைகளோடு வருகிறவர்கள் அதை முதலிலேயே முடித்துவிடாமல் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈர மண் கையோடு மற்ற வீடுகளுக்குள் நுழைய முடியாது. சாப்பாடு வளாகத்துக்குள்ளேயே கிடைக்கும்.

மீதி நேரமும் தெம்பும் இருந்தால் திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஓவியர்கள் தாங்களே நிலம் வாங்கி அமைத்தது. பத்திக் துணி விற்ற காசுதான் முதலீடு. ஒரு மணி நேரம் போதும். வாசலிலேயே சிற்பங்கள் மரநிழலில் நிற்கும். ஐந்து மணிக்குள் அங்கிருந்து கிளம்பினால், ஐ.டி. கம்பெனிகள் விடுவதற்குள் திருவான்மியூரைத் தாண்டிவிடலாம்.