காந்தி உங்கள் ஊருக்கு வந்தது என்றைக்கு? ஆவணங்களில் தேடிப் பிடிக்கும் முறை

“எங்க ஊருக்குக் காந்தி வந்திருக்கார்” என்று தமிழ்நாட்டில் பல ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். 1896-இல் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசியது தொடங்கி 1946 வரை அவர் பலமுறை இங்கே சுற்றியவர். ஆனால் தேதி, வந்த வழி, தங்கிய வீடு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆவணங்களைக் கொண்டு அதை உறுதிசெய்ய முடியும்.

முதலில் ஒரே ஒரு பயணம்

ஐம்பது வருடத்தையும் ஒன்றாக அள்ளப் பார்க்காதீர்கள், பாதியிலேயே விட்டுவிடுவீர்கள். பழகுவதற்கு 1921 செப்டம்பர் நல்லது. 14-ஆம் தேதி உடன்வந்த கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முகமது அலி வால்டேரில் (இன்றைய விசாகப்பட்டினம்) கைதாகிறார். மறுநாள் காந்தி சென்னையில். 22-ஆம் தேதி, வியாழக்கிழமை, மதுரையில் அரையாடைக்கு மாறுகிறார். இரண்டு முனையிலும் முளை அடித்தாயிற்று. இனி நடுவில் உள்ள நாட்களை நிரப்ப வேண்டும்.

ஒரு நாளுக்கு ஒரு வரிசை என்று எக்செல்லில் அட்டவணை போடுங்கள். தேதி, கிழமை, அன்றைய ஊர்ப்பெயர், இன்றைய ஊர்ப்பெயர், நிகழ்ச்சி, ஆதாரம், பக்க எண் ஆகியவை பத்திகள். கிழமையை விட்டுவிடாதீர்கள், பின்னால் பல பிழைகளை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

நூல்தொகையைப் படிக்கும் விதம்

காந்தியின் எழுத்துகள், பேச்சுகள், கடிதங்கள் ஆங்கிலத்தில் 100 தொகுதிகளாக வந்துள்ளன. காந்தி ஹெரிட்டேஜ் போர்ட்டலில் இலவசமாகப் படிக்கலாம். 1921 செப்டம்பர் 21-ஆம் தொகுதியில் இருக்கிறது. 1999-இல் வந்த குறுவட்டுப் பதிப்பு 98 தொகுதிதான், அதன் எண் வரிசையும் வேறு. எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் தொகுதி எண்ணை மட்டும் எழுதினால், அடுத்தவர் அந்தப் பக்கத்தைத் தேடிக் களைத்துப்போவார்.

ஒவ்வொரு உருப்படியிலும் இரண்டு இடங்களைப் பாருங்கள். மேலே ஊரும் தேதியும் இருக்கும்; அடியில் எந்தப் பத்திரிகையில் எந்த நாள் வந்தது என்று இருக்கும். இரண்டு தேதியும் ஒன்றல்ல. மாலைக் கூட்டம் மறுநாளோ அதற்கடுத்த நாளோ நாளிதழில் வரும். ‘யங் இந்தியா’ போன்ற வார இதழில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகும். புதிதாகத் தேடுபவர்கள் அதிகம் சறுக்குவது வெளியான தேதியை வந்த தேதியாக எழுதும் இந்த இடத்தில்தான்.

கடிதங்களின் தலைப்பு நேரடிச் சாட்சி என்றாலும் அதிலும் பொறி உண்டு. பயணத்தில் எழுதிய கடிதத்தில் ‘சபர்மதி ஆசிரம முகவரிக்கு’ என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். பதிலை அங்கே அனுப்பு என்பதுதான் அது. அதைப் பார்த்துவிட்டு அன்று அவர் சபர்மதியில் இருந்ததாகக் குறிக்கக் கூடாது. சதுர அடைப்புக்குள் இருக்கும் தேதி பதிப்பாசிரியர்கள் ஊகித்துச் சேர்த்தது, அட்டவணையிலும் ‘ஊகம்’ என்றே எழுதுங்கள்.

பழைய ஊர்ப்பெயர்கள்

ஆங்கில ஆவணங்களில் ‘திருநெல்வேலி’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. டின்னவேலி, டூட்டிகோரின், டிரிச்சினோபோலி, டான்ஜோர், கன்ஜீவரம், மதுரா என்று அன்றைய எழுத்தில் தேட வேண்டும். மாவட்டமும் மாறியிருக்கும்: காரைக்குடியை ராமநாதபுரத்திலும் திருப்பூரைக் கோயம்புத்தூரிலும் தேடுங்கள். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சி. அந்த ஊர்களின் அரசு ஆவணங்கள் சென்னை மாகாணக் கட்டுகளில் இருக்காது.

பத்திரிகைகள்

‘இந்து’, ‘சுதேசமித்திரன்’ இரண்டையும் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களுக்கு நல்ல இடம். போவதற்கு முன் உங்களுக்கு வேண்டிய மாதம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கங்களில் சொல் தேடலை நம்ப வேண்டாம். பழைய ணை, லை, னை வடிவங்களைக் கணினி தப்பாகப் படிக்கும், அதனால் பக்கம் பக்கமாகக் கண்ணால் பாருங்கள்.

தமிழ்த் தேதியிலும் கவனம் வேண்டும். 1934 பிப்ரவரிப் பயணம் ஸ்ரீமுக ஆண்டில் வரும். அந்த ஆண்டு தொடங்கியது 1933 ஏப்ரலில். ‘ஸ்ரீமுக, மாசி’ என்பதை 1933 என்று எழுதினால் ஒரு வருடம் பிசகிவிடும்.

காந்தி பேசியது ஆங்கிலத்திலோ இந்தியிலோ, கூட்டம் கேட்டது மொழிபெயர்ப்பாளரின் தமிழை. இதழில் உள்ள தமிழை அவர் வாய்ச்சொல்லாக மேற்கோள் காட்டுவது தவறு.

அரசு ஆவணங்கள்

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளும் ரகசியக் கோப்புகளும் இருக்கின்றன. அடையாள அட்டையோடு, நீங்கள் சார்ந்த நிறுவனத்தின் கடிதம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். முதலில் அட்டவணைப் புத்தகம் பார்த்து துறை, ஆணை எண், நாள் மூன்றையும் குறித்துக்கொண்டு கோப்பைக் கேளுங்கள். மாகாண அரசு தில்லிக்கு அனுப்பிய பதினைந்து நாள் அறிக்கைகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் தேடலாம். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் அரசாங்கமும் பத்திரிகையும் ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி எடுக்காதீர்கள், இரண்டு எண்ணையும் பெயரோடு எழுதுங்கள்.

சரிபார்ப்பு

அன்றே எழுதிய, ஒன்றை ஒன்று சாராத இரண்டு சாட்சி இருந்தால் ‘உறுதி’. ஒன்று மட்டும் என்றால் ‘ஒற்றைச் சாட்சி’. நூல்தொகை ‘இந்து’விலிருந்து எடுத்த பேச்சும் ‘இந்து’ இதழும் இரண்டு சாட்சி ஆகாது. இரண்டும் ஒரே வாய்.

1927, 1934 பயணங்களில் திங்கட்கிழமைகளைத் தனியாகப் பாருங்கள். அது அவருடைய மௌன நாள். திங்களன்று நீண்ட உரை என்று வந்தால் முதலில் தேதியைச் சந்தேகியுங்கள்.

ஊர்க் கல்வெட்டுகளும் முதியவர்களின் நினைவும் எங்கே தேட வேண்டும் என்று வழிகாட்டும், ஆனால் பல கல்வெட்டுகள் பிற்காலத்தில் வைத்தவை. அவற்றை ‘நினைவு’ என்று தனி நிறத்தில் குறியுங்கள். எதிலும் சிக்காத நாளை ஊகத்தால் நிரப்ப வேண்டாம். கட்டத்தைக் காலியாக விட்டு, எந்தெந்த இதழில் எந்தத் தேதிவரை பார்த்தீர்கள் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்து தேடுபவர் அங்கிருந்து தொடங்கலாம்.