சோஜர்னர் ட்ரூத்தின் உரையைத் தமிழில் தருவது எப்படி?

மகளிர் நாள் மேடைக்காகவோ பள்ளி ஆண்டு மலருக்காகவோ, அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் குரல் கொடுத்த கறுப்பினப் பெண்ணான சோஜர்னர் ட்ரூத்தின் உரையைத் தமிழாக்க முனைவோர், அகராதியைக் கையில் எடுக்கும் முன் எந்த உரையை எடுத்துக்கொள்வது என்பதை முடிவு செய்தாக வேண்டும். 1851 மே 29 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் அவர் கைப்பட எழுதிய படி கிடையாது. கேட்டவர்கள் எழுதிவைத்த வடிவங்களே உள்ளன, அவற்றுள் முதன்மையான இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

மாநாட்டில் இருந்த மரியஸ் ராபின்சனின் வடிவம், அடுத்த மாதமே, ஜூன் 21 அன்று, அடிமை ஒழிப்பு இதழொன்றில் வெளிவந்தது. மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஃபிரான்சிஸ் கேஜின் வடிவமோ 12 ஆண்டுகள் கழித்து, 1863இல் அச்சானது. எல்லோரும் மேற்கோள் காட்டும் "நான் பெண் இல்லையா?" என்ற கேள்வி கேஜின் வடிவத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, ராபின்சனிடம் அது ஓரிடத்திலும் இல்லை. கேஜ் அவரை அமெரிக்கத் தென்மாநிலக் கொச்சையில் பேச வைக்கிறார். ட்ரூத்தோ வடக்கே நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் வட்டாரத்தில் பிறந்து, டச்சு மொழியை முதல் மொழியாகப் பேசி வளர்ந்தவர். 13 பிள்ளைகளைப் பெற்றதாகவும் கேஜ் எழுதுகிறார். ட்ரூத் பெற்றவர்கள் 5 பேர். எனவே ராபின்சனை மூலமாகக் கொள்ளுங்கள். கேஜின் கேள்வியை விட மனம் வராவிட்டால், அது யார் வழியாக, எப்போது வந்தது என்று அருகிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவரைக் கொச்சைத் தமிழில் பேச வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கேஜ் செய்த பிழையையே அது இன்னொரு மொழியில் செய்வதாகும்.

உழுதேன், அறுத்தேன், உமி நீக்கினேன், வெட்டினேன், புல்லறுத்தேன் என்று வினைகள் அடுக்கி வரும் இடத்தில், அவற்றை 'பல வேலைகள் செய்தேன்' என்று சுருக்கிவிடாதீர்கள். "நானே ஒரு பெண்ணுரிமை" என்ற பொருளில் அவர் சொல்லும் வாக்கியம் ஆங்கிலத்திலேயே சற்று வினோதமானது. தமிழிலும் அது வினோதமாகவே நிற்கட்டும். ஆணின் அறிவு ஒரு குவார்ட், பெண்ணினது ஒரு பைன்ட் என்றாலும், அந்தச் சின்னப் படியை அவள் நிறைத்துக்கொண்டால் என்ன என்று அவர் கேட்பார். இரண்டு பைன்ட் ஒரு குவார்ட். நம் பழைய அளவையில் இரண்டு உழக்கு ஓர் உரி ஆகையால், "அவனுக்கு உரி, அவளுக்கு உழக்கு" என்றால் விகிதமும் மாறாது, குறும்பும் குறையாது.

முன்னுரையில் ஆண்டுகளை அடுக்குவதைவிட ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது நல்லது. 1826இல் கைக்குழந்தையான மகளுடன் எஜமானின் வீட்டை விட்டு வெளியேறிய அவர், சட்டத்துக்குப் புறம்பாக அலபாமாவுக்கு விற்கப்பட்ட தம் மகன் பீட்டரை நீதிமன்றம் சென்று 1828இல் மீட்டார். சோஜர்னர் ட்ரூத் என்ற பெயரை அவர் சூட்டிக்கொண்டது அதற்கும் பின்பு, 1843இல்தான்; ஆகவே அந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது இஸபெல்லா என்ற பழைய பெயரையே எழுதுங்கள்.

படம் சேர்ப்பதானால், அவர் பின்னல் ஊசியும் நூலுமாக அமர்ந்திருக்கும் சிறு அட்டைப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். வயிற்றுப்பாட்டுக்காக அத்தகைய படங்களை விற்ற அவர், உடலைத் தாங்க நிழலை விற்கிறேன் என்ற பொருள்படும் வரியை அவற்றில் அச்சிட்டிருந்தார். நிழற்படம் என்ற சொல் நம்மிடம் இருப்பதால் அந்தச் சிலேடை தமிழில் தானாகவே வந்துவிடுகிறது. பக்கத்துக்குள் அடக்குவதற்காக அந்த வரியை வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.